பாஸ்ராவில் கழற்றிய காப்பு

இந்தப் பாஸ்ரா ஊரில் தேநீர் போதும் என்று வாயால் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். சின்னக் கண்ணாடிக் குவளையின் மேல் கரண்டியைக் குறுக்கே வைக்க வேண்டும். அப்போதுதான் ஊற்றுவதை நிறுத்துவார்கள். வந்த புதிதில் இது தெரியாமல் வயிறு முட்டக் குடித்து அவதிப்பட்டிருக்கிறேன். துறைமுக வேலை முடிந்ததும் காசிமின் கடையில்தான் உட்காருவேன். போன வாரம் அவன் பாதி அரபியும் பாதி இந்துஸ்தானியுமாகக் கேட்டான்: சண்டை முடிந்து உன் ஆட்கள் எல்லாம் எப்போதோ கப்பலேறிவிட்டார்கள், உன்னை மட்டும் இங்கே யார் பிடித்து வைத்திருப்பது? ஒரு பெண்பிள்ளை என்று அவன் பாஷையிலேயே சொன்னேன். அவ்வளவுதான், தொடையைத் தட்டிச் சிரித்தான். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் தண்டோரா போட்டான். எந்தத் தெரு, எந்த வீடு என்று இன்றுவரை துளைக்கிறான். அட கிறுக்கா, அவள் இருப்பது காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில். அதுவும் என் சிநேகிதன் ஆறுமுகத்தின் பெண்சாதி. அவள் பெயர் கனகம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் துப்புத் துலக்கக் கிளம்ப வேண்டாம்.

ஆறுமுகத்தின் தறியும் என் தறியும் அடுத்தடுத்த வீட்டில். கந்தசஷ்டிக்கு எங்கள் நெசவாளர் தெருவார் முருகனின் படைவீரர்களாக வேஷம் கட்டுவது வழக்கம். அந்த வருஷம் அவனுக்கு வீரபாகு வேஷம். மஞ்சள் தடவிய நூலைக் கோயிலில் அவன் மணிக்கட்டில் காப்பாகக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டியவன் ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது; விழா முடிந்ததும் குருக்கள்தான் அதை அவிழ்க்க வேண்டும். வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டையால் சீமைச் சாயம் வராமல் தறிகள் சும்மா கிடந்த காலம் அது. வாலாஜாபாத்தில் ஒரு வியாபாரியிடம் சிவப்புச் சாயம் இருக்கிறதென்று கேள்விப்பட்டு இருவரும் கிளம்பினோம்.

"காப்பு கட்டிக்கினு எங்க போறே?" என்றாள் கனகம்மா.

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்மே."

சாயம் கிடைக்கவில்லை. சந்தையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹவில்தார் ஆறுமுகத்தின் மார்பை அளந்து, தோளைத் தட்டி, நீ அல்லவா வீரன் என்றான். வீரபாகு வேஷம் தலைக்கேறியிருந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? நீட்டிய காகிதத்தில் பெருவிரலை ஒற்றிவிட்டான். அவனைத் தனியே விட மனமில்லாமல் நானும் ஒற்றினேன். அதற்குப் பிறகுதான் ஆறுமுகம், "சஷ்டி முடிஞ்சி காப்ப அவுத்துட்டு வந்துடறேன் சார்" என்றான். ஹவில்தார் விழுந்து விழுந்து சிரித்தான். எங்களை உள்ளே வைத்துக் கொட்டகைக் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அன்று சாயங்காலமே ரயில்.

அடுத்து கப்பல், அதற்கடுத்து இந்தப் பாஸ்ரா இருக்கும் மெசபொடேமியா. எங்கள் கையில் துப்பாக்கியைவிட மண்வெட்டி இருந்த நேரம்தான் அதிகம். ரோடு போட்டோம், தண்டவாளம் போட்டோம். வெயிலா அது! அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் இருக்கும். திரும்பிய பக்கமெல்லாம் ஒரே வெட்டவெளி, ஆனால் ஓட ஒரு வழி கிடையாது. ஆறுமுகத்துக்கு ஒரே நினைப்பு, காப்பை ஊரில் போய் அவிழ்க்க வேண்டும். லீவு கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போயிற்று. டாக்டர் ஒருமுறை கத்தரியை எடுத்து வந்ததற்கு அவரைக் கடிக்கப் போய்விட்டான், பாவி. நூல் நைய ஆரம்பித்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் முடியும்போது அதன் நுனியோடு புதுப் பாவை முறுக்கிப் பிணைப்போமே, அதேபோல் காக்கிச் சட்டையில் உருவிய நூலையும் கூடாரத்து நூலையும் பழைய நூலோடு பிணைத்துக்கொண்டே வந்தான்; நைந்த மஞ்சள் இழைகள் உதிர்ந்துகொண்டே போயின. பிணைத்த பாவு எங்களுக்கு அதே பாவுதான். "அறுந்தாதான்டா குத்தம். இது இன்னும் சாமி கட்டினதுதான்" என்பான்.

எங்கள் பாஸ்ரா முகாமுக்குள் காலரா வந்தது. பொழுது விடியும்போது நன்றாக இருந்த ஆறுமுகம் மத்தியானம் சுருண்டுவிட்டான். "என்னை இங்கியே வுட்டுட்டுப் போவாதடா" என்றதுதான் கடைசி. காப்போடு அவனைக் கொளுத்த எனக்குக் கை வரவில்லை, அறுக்கவும் துணியவில்லை. எண்ணெய் தடவி, முழுசாக உருவி எடுத்துக்கொண்டேன். விறகில்லாத ஊர். உடைந்த பெட்டிப் பலகைகளை அடுக்கி, நான்தான் கொள்ளி வைத்தேன். அன்று அழுததுபோல் என் அப்பன் செத்தபோதுகூட நான் அழவில்லை.

சண்டை முடிந்து ஊருக்குப் போய்க் கனகம்மா முன்னால் அந்தக் காப்பை வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. நூலைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். "ஒரு இழைகூட மஞ்சா இல்லியே. இது கூடாரத்து நூலு. அவரு காப்பு இது இல்லண்ணா" என்றாள். அவன் பிணைத்த கதையையும் சொன்னேன். அவள் விரல் ஒரு பிணைப்பின் மேல் போய் நின்றது. ஆறுமுகத்தின் முறுக்கு எப்படியிருக்கும் என்று அவளைவிட அறிந்தவர் யார்? நின்ற விரலை எடுத்துக்கொண்டாள். "யாரோடதோ, அவங்க வூட்டுல குடுத்துடு" என்று காப்பை என் பக்கம் தள்ளினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கொள்ளி வைத்தவன் பொய் சொல்வேனா என்று கத்தினேன். அவள் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு மெல்லப் பேசினாள். "அவரு தறியில முகூர்த்தப் பொடவை நெய்யறதுதான் என் பொழப்பு. நான் தாலிய அறுத்துட்டா அதைத் தொட வுடுவாங்களா? இந்த வூட்டு மூலையில குந்திக்கினு கெடக்கணும். நீ இங்க இருந்தா தெருவே உன்னைக் கேக்கும், நீயும் சொல்லிடுவே. அங்கியே போய் இருண்ணா. நீ அங்க இருக்கிற வரைக்கும் அவரும் அங்க இருக்காருன்னு சொல்லிக்குவேன்."

காப்பை மடியில் முடிந்துகொண்டேன். வந்த வழியே கப்பலேறினேன். வருஷங்கள் ஓடிவிட்டன. ஊரிலிருந்து எவன் வந்தாலும், ஆறுமுகம் எப்படி இருக்கிறான் என்றுதான் கேட்கிறான். வேலையாக வெளியே போயிருக்கிறான் என்கிறேன். எனக்கு அண்ணன் இருக்கிறான், அவன் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க ஏங்குகிறேன். ஆனால் நான் ஊரில் கால் வைத்தால் அங்கே ஒரு தாலி இறங்க வேண்டும். காசிம் சிரிக்கட்டும்.

நேற்று ஒரு கப்பல்காரப் பையன் வந்தான், வாலாஜாபாத்துக்காரன். கனகம்மா தன் கையால் நெய்த வேட்டியைக் கொடுத்தனுப்பியிருந்தாள், ஆறுமுகத்துக்கு. எனக்கென்று எதுவும் இல்லை. இன்று கப்பல் கிளம்புமுன் மறுபடி வந்து நின்றான்.

"அண்ணா, வேட்டி நல்லா இருக்குதான்னு அவர்கிட்ட கேட்டுக்கினு வரச் சொன்னாங்க. இன்னா சொன்னாரு?"

இடுப்பில் அந்த வேட்டியோடுதான் அவன் எதிரே நின்றிருந்தேன்.

"அளவு சரியா இருக்குதாம். சொல்லிடுப்பா" என்றேன்.