அப்பா விழவில்லை, உட்கார்ந்தார்

அம்மா போன பிறகு, மராத்திக்காரர்கள் ஊரான கட்கியில் எங்கள் வீட்டில் அப்பாவும் அத்தையும்தான். அத்தை அப்பாவின் தங்கை. கணவர் இறந்ததும் அண்ணனோடு வந்து சேர்ந்தவள். நான் அதே நகரத்தின் இன்னொரு கோடியில், ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே பக்கத்தில் குடியிருந்தேன். வாரநாட்களில் ஃபோன், ஞாயிற்றுக்கிழமை நேரில். இது இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில். அப்பாவுக்கு எழுபத்தெட்டு, அத்தைக்கு எழுபத்து மூன்று.

இருவரில் யாரிடம் கேட்டாலும் மற்றவர் நலமாக இருந்தார்.

"அத்தைக்கு சுகர் எவ்ளோப்பா இருக்குது?"

"நார்மல். நான்தான் பாத்தேன்."

"எதுல பாத்த?"

"மொகத்தப் பாத்தா தெரியாதா?"

அத்தையும் சளைத்தவள் இல்லை. "அண்ணனுக்கு இன்னாமா? காலையில மார்க்கெட் வரிக்கும் நடந்துட்டு வர்றாரு" என்பாள். அப்பா மார்க்கெட் பக்கம் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிறு போனபோது அப்பாவின் இடது கை, முழங்கையிலிருந்து தோள்வரை நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"விழுந்தியாப்பா?"

"விழல. பாத்ரூம்ல உக்காந்தேன்."

"எதுக்கு உக்காந்த?"

"நிக்க முடியல."

அவர் முப்பத்தைந்து வருடம் ஒரு ஃபேக்டரியின் தீயணைப்புப் பிரிவில் இருந்தவர். விபத்து என்பது கவனமில்லாத ஆட்களுக்கு நடப்பது என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

திரும்பும்போது கீழ்வீட்டு மராத்திக்கார அம்மாள் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். யாரிடமும் சொல்வதில்லை என்று அத்தைக்குச் சத்தியம் செய்திருப்பதாகச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். புதன்கிழமை காலை அப்பா குளியலறையில் விழுந்திருக்கிறார். அத்தையால் தூக்க முடியவில்லை. தலைக்கு ஒரு தலையணை வைத்து, பெட்ஷீட்டைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரையும் கூப்பிடவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இந்த அம்மாள் இரவல் வாங்கிய குக்கரைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். அப்போது அத்தை அண்ணனுக்கு ஸ்பூனால் டீ ஊட்டிக்கொண்டிருந்தாளாம்.

அடுத்த வாரமே ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தேன். தாபோடியிலிருந்து வருபவர், முடியாதவர்களைப் பார்த்துப் பழகியவர். எல்லோரும் அவரை மாவ்ஷி, அதாவது மராத்தியில் சித்தி, என்றே கூப்பிட்டார்கள். நாலாம் நாள் அவரே எனக்கு ஃபோன் செய்து நின்றுகொள்வதாகச் சொன்னார். காலையில் போனதும் அத்தை இட்லி வைத்துவிட்டு டிவி முன்னால் உட்காரச் சொல்கிறாளாம். எழுந்தால் அப்பா "பைட்டோ, பைட்டோ" என்று மறுபடி உட்காரவைக்கிறாராம். மதியம் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுகிறார்களாம். தன்னை இந்த அளவுக்கு யாரும் கவனித்துக்கொண்டதில்லை, ஆனால் இது வேலை இல்லை என்றார்.

இதையெல்லாம் கேள்விப்பட்டு அத்தை மகன் பெங்களூரிலிருந்து பேசினான். "அம்மாவ நான் கூட்டிக்கினு வந்துட்றேன். மாமாவ நீ வெச்சிக்கோ" என்றான். எனக்கு அது சரியாகவே பட்டது. அடுத்த ஞாயிறு அதை நல்ல செய்தியாகவே சொன்னேன். என் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, அப்பாவுக்குத் தனி அறை, அங்கே அத்தைக்குப் பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக.

அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குத்தான் உங்கிட்ட ஒண்ணியும் சொல்றதில்ல" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"நான் விழுந்துட்டேன்னு சொன்னா நீ என்னத் தூக்கினு போவ. அவளுக்கு சுகர் முந்நூறுன்னு சொன்னா அவன் அவளத் தூக்கினு போவான். பதினாறு வயசுல கல்யாணம் பண்ணி அனுப்பிட்டோம். அம்பது வருஷம் கழிச்சி வந்துகீறா. மறுபடியும் அனுப்ப சொல்றியா?"

"முந்நூறா?" என்றேன்.

"எரநூத்தி எம்பது" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று ஆபீஸில் பத்து பேரிடமாவது சொல்லியிருப்பேன். என்ன பயம் என்று அவர்களிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. குழாயை மூடப் போனேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"யாரையும் எங்கயும் அனுப்பல அத்த" என்றேன்.

"இத அவங்கிட்ட சொல்லு. இப்பவே."

ஃபோன் போட்டேன். அத்தை மகன் கொஞ்ச நேரம் வாதாடினான். பிறகு அவளிடம் கொடுக்கச் சொன்னான். "கூட்டிக்கினு போவமாட்டேன்னு மூணு தடவ சொல்லுடா" என்றாள் அவள். அவன் சொல்லச் சொல்ல விரல்விட்டு எண்ணினாள்.

மாவ்ஷியை நானே தாபோடிக்குப் போய்க் கெஞ்சி அழைத்து வந்தேன். அவர் அத்தையோடு நேரடியாகப் பேசி முடித்துக்கொண்டார். சமையலறை அத்தையுடையது, இன்சுலின் ஊசி மாவ்ஷியுடையது. அப்பாவைக் குளியலறைக்குள் அவர்தான் கூட்டிப் போவார், கதவு திறந்திருக்கும். அப்பா இரண்டு நாள் குளிக்காமல் இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் போனார். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட வந்த ஆளை நிற்கவைத்து, உயரம் தப்பு என்று இரண்டு முறை பிடுங்கி மாட்டச் செய்தார். உதவி வேண்டாம் என்பதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டேதான் இருந்தார். சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார்.

மூன்றரை வருடம் அப்படி ஓடியது. பிறகு அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்து இறந்துபோனார். அத்தை ஆறு நாளும் வீட்டுக்கு வர மறுத்து அந்த வராந்தா பெஞ்சிலேயே இருந்தாள். மாவ்ஷி அங்கேயே வந்து ஊசி போட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தை தன் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டு, மகனிடம் டிக்கெட் எப்போது என்று கேட்டாள். நாங்கள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. இங்கேயே என்னோடு இருக்கலாமே என்றேன். "உன் வூட்டுல யாரு எங்கூட சண்ட போடுவா? நீ காலையில போனா ராத்திரிதான வர்ற" என்றாள்.

பெங்களூரில் அவளுக்கு உதவியாக ஒரு கன்னடப் பெண்ணை வைத்தார்கள். முதல் நாளே அத்தை அவளுக்கு டிபன் வைத்து உட்காரச் சொல்லியிருக்கிறாள். தமிழ் அந்தப் பெண்ணுக்குப் புரியாது என்று அவளிடம் மராத்தியில்தான் பேசுகிறாளாம். இப்போது அந்தப் பெண்ணும் மராத்தியிலேயே ஓரளவு பதில் சொல்வதாக அத்தை மகன் சொன்னான்.