தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்ன சிஸ்டர்

எங்கள் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி மேடையில் பொய் சொன்னார். செவிலியர் தின விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, புதிதாக வந்த பிள்ளைகள் யாரும் வேலையை விட்டுப் போகாததற்குத் தாம் கொண்டுவந்த செயலிதான் காரணம் என்றார். அந்தச் செயலி தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூவையும் 'புன்னகையுடன் பணி செய்வோம்' என்ற வாசகத்தையும் அனுப்பும். வேறொன்றும் செய்யாது. ரோஜாப்பூவைப் பார்த்து யாரும் வேலையில் தங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்களைத் தங்க வைத்தது, அருமனை ஊர்க்காரர் என்பதால் நாங்கள் அருமனைச் சிஸ்டர் என்று கூப்பிடும் செவிலியர் நடத்திய வாட்ஸ்அப் குழு. அவருக்கே எங்களைவிட இரண்டு வருடம்தான் அனுபவம் கூடுதல். நாங்கள் வேலையில் சேர்ந்த வாரமே குழுவைத் தொடங்கிவிட்டார். மதியமானால் 'சாப்பிட்டியா?' என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு நர்சுகள் பொய்தான் சொல்வோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் பதில் எழுதக் கூடாது. சாப்பிட்ட தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எங்களில் அஞ்சுகிராமத்துக்காரி ஒருத்தி, சாப்பிட நேரம் கிடைக்காத ஒரு நாள், முந்தின நாள் படத்தையே அனுப்பிவிட்டாள். உடனே குரல் செய்தி வந்தது.

"ஏட்டி, அந்தச் சாளை மீன் முள்ளு நேத்தும் அதே எடத்துலதான கெடந்துது? போய்த் தின்னு. ஒனக்க வார்டை நான் பாக்கேன்."

அன்று குழுவில் எல்லோரும் அவளைப் போட்டு வாட்டி எடுத்துவிட்டோம்.

என் முறையும் வந்தது. ஒரு பெரியவருக்குக் குளுக்கோஸ் ஏற்ற இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. நீ படித்துத்தான் வந்தாயா என்று அவர் மகன் வார்டே கேட்கும்படி கத்தினார். நான் உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, 'நாளை முதல் வரமாட்டேன்' என்று குழுவில் போட்டேன். சும்மா மிரட்டுவதற்காகப் போட்டதல்ல; உண்மையாகவே போகத்தான் இருந்தேன். பக்கத்து வார்டில் பணியில் இருந்த அருமனைச் சிஸ்டர் நின்ற இடத்திலிருந்தே பேசி அனுப்பினார்.

"மக்கா, எனக்க மொத மாசம் ஒருத்தருக்கு நாலு குத்து குத்தினேன். அவரு எழும்பி இருந்து, 'மோளே, நீ தையல் படிச்சிருக்கலாம்'ன்னாரு. நான் போனேனா? மொகத்தைக் கழுவிட்டு வா. நானும் வாறேன். ஊசிய நீதான் போடணும், கேட்டியா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். சொன்னபடியே வந்தார். ஊசியைத் தொடவில்லை. மகனைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, பெரியவரிடம் அவருடைய ரப்பர் தோட்டத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். அடுத்த குத்தில் நரம்பு கிடைத்தது. போகிறேன் என்ற பேச்சை அதன் பிறகு நான் எடுக்கவே இல்லை.

அந்தக் குரல் செய்திக்காகத்தான், பணி நேரத்தில் கைபேசி பயன்படுத்தினார் என்று சொல்லி இதே அதிகாரி சிஸ்டருக்கு மெமோ கொடுத்தார். அது இன்னும் ரத்தாகவில்லை. விழாவில் செயலியின் புகழ் பாடப்பட்டபோது சிஸ்டர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கைதட்டிக்கொண்டே, வடை எப்போது வரும் என்று கேட்டார். அவரால் சிரிக்க முடிகிறது. என்னால் முடியவில்லை.

ஐயா, அடுத்த ஊழியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். நான் வேலையை விடாமல் இருப்பது உங்களுக்குப் பெருமை என்றால், என்னை இருக்க வைத்தவருக்கு எதற்கு மெமோ?