கணவாயில் கும்பிட்ட கை

உலகச் சண்டை முடிந்து பெட்ரோல் கொஞ்சம் கிடைக்கத் தொடங்கிய சமயம். என் மனைவியின் அண்ணன் கம்பைநல்லூரில் ஒரு பழைய கார் வைத்திருந்தார். ஓட்டாமலே கிடந்து அதன் இஞ்சின் துருவேறிப் போயிருந்தது. அவர் மகளுக்குத் தையில் கல்யாணம். பெண் ஊர்வலம் அந்தக் காரில்தான் போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதனால் சேலத்துப் பட்டறைக்கு இழுத்துப் போக ஏற்பாடாயிற்று.

பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் லாரி ஒன்று சேலம் போனது. அதன் பின்னால் இரும்புக் கம்பி வைத்துக் காரைப் பிணைத்தார்கள்.

"கயிறு கட்டுனா தொப்பூர் எறக்கத்துல காரு வந்து லாரியில மோதிருமுங்க. கம்பின்னா தள்ளியே நிக்கும். ஆனா உள்ள ஒருத்தர் ஸ்டேரிங்க வுடாம புடிச்சிருக்கோணும்" என்றார் லாரிக்காரர்.

நான் புடிக்கிறேன் என்று முந்திக்கொண்டேன்.

"மாப்ள, அது மாட்டுக் கவுறு இல்லீங்க" என்றார் மச்சான்.

"ஏர் புடிச்ச கைங்க மச்சான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு லாரியில் முன்னால் ஏறிக்கொண்டார்.

தருமபுரி தாண்டும் வரைக்கும் கரிப்புகையைத் தவிர ஒரு தொல்லையும் இல்லை. தொப்பூர்க் கணவாயில் ஒரு வளைவில் முனியப்பன் இருந்தார். அவரைக் கும்பிடாமல் யாரும் இறங்குவதில்லை. லாரிக்காரர் ஒரு கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோனது எனக்குத் தெரிந்தது. ஒற்றைக் கையால் சாமி கும்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். கண்ணையும் மூடியிருப்பேன்.

கார் ஓரக்கல்லில் ஏறி நின்றது. கம்பி வளைந்து, முன் அச்சு முறிந்துவிட்டது. அந்தப் பக்கம் பள்ளம்.

மச்சான் ஓடிவந்தார். "சாமிதாங்க காப்பாத்துச்சு" என்றேன்.

அவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "சரிங்க மாப்ள. யாருகிட்ட இருந்து?"

அச்சு கிடைக்கவில்லை. கல்யாணத்துக்குக் கார் வந்து சேரவில்லை. மாட்டு வண்டிக்குத் தென்னங்குருத்துக் கட்டிப் பெண்ணை ஏற்றினார்கள். நான் ஆட்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவளே தேடிக் கூப்பிட்டாள்.

"மாமா, மாட்டுக் கவுறு நீங்க புடிங்க. இதுல எனக்குப் பயமில்லீங்க."

கோயில் வரைக்கும் ஓட்டிப் போனேன். வாசலில் எல்லாரும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவள் இறங்கி உள்ளே போகும் வரைக்கும் நான் கயிற்றை விடவில்லை.