டிக்கெட் இல்லாமல் நடந்த கபடி

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனி தையல்காரி. எட்டாவதோட நின்னவள், எதுக்கும் பயந்துடுவேன்.

என் மகள் ரூபி எங்க ஏரியா கிளப்பில் கபடி ஆடினாள். வருஷா வருஷம் கிளப்பில் டிக்கெட் போட்டு மேட்ச் நடத்துவாங்க. அந்தக் காசில்தான் பொண்ணுங்க வெளியூர் போட்டிக்குப் போவாங்க. கேட்டில் டிக்கெட் கிழிக்கிறது நான்தான்.

போன வருஷம் கம்பெனி வேனில் யாரோ, "டிக்கெட்டுக்கும் ஜிஎஸ்டி உண்டு. கட்டலன்னா கேஸ்தான்" என்றாங்க. எனக்குத் தூக்கமே போச்சு. கிளப் செயலாளர் தேவராஜ் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"இன்னாம்மா இது பேஜாரு! டிக்கெட்டே வேணாம், சும்மா உள்ளே விடு" என்று சொல்லிட்டார்.

கூட்டம் ஜாஸ்தி, கைதட்டலும் ஜாஸ்தி. ஆனால் பஸ்ஸுக்குக் காசில்லாமல் பொண்ணுங்க போட்டிக்குப் போகலை. ஒவ்வொருத்தியா ஆட வர்றதையே நிறுத்திட்டாங்க.

டீமே கலைஞ்ச அப்புறம்தான் கம்பெனி அக்கவுண்ட்ஸ் சார் சொன்னார்: "இவ்ளோ கம்மி டிக்கெட்டுக்கு அந்த வரியே கிடையாதேம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

ரூபியிடம் சொல்லி அழுதேன். "விடும்மா" என்றாள்.

இப்போ எந்தச் சேதி காதில் விழுந்தாலும், விஷயம் தெரிஞ்சவங்களைக் கேட்காமல் இன்னொருத்தரிடம் சொல்றதில்லை. ரூபியும் கபடியை விட்டுட்டு என்னோடதான் கம்பெனி வேலைக்கு வர்றாள். வேன் கபடி மைதானத்தைத் தாண்டும்போது மட்டும் செல்போனை எடுத்துக் குனிஞ்சுக்கிறாள்.