அருவியில் விட்ட புடவை

குளித்தபின் பழைய புடவையைத் தண்ணீரிலேயே விட்டால் பீடை கழியும் என்பார்கள். நாராயணவனம் பக்கத்துக் காட்டருவியில் நானும் விட்டேன். காக்கிச் சட்டை போட்ட காட்டுக் காவலர், ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பவர், அதைக் கொம்பால் இழுத்தெடுத்தார்.

“யாருதும்மா இது? மான் துன்னா தொண்டையில சிக்கிக்கினு செத்துப்பூடும்.”

“என்னுது இல்ல நைனா” என்றேன்.

“எல்லாரும் பீடைய உட்டுட்டுப் போய்க்கினே கீறாங்க. தூக்கறவன் நானு” என்று சிரித்தபடி கோணிப்பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பாறை வழுக்கியது. அவர்தான் கைகொடுத்து இறக்கினார். மறுதோளில் கோணிப்பை. என் புடவைத் தண்ணீர் அவர் முதுகெல்லாம் வழிந்தது. சாலை வந்து கையை விட்டபோதும், அது என்னுடையதுதான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.