மழைக்கு அள்ளிய இன்ஜின்

லாரி இன்ஜினை வீட்டு வாசலிலேயே இறக்கிப் பிரிக்கப் போகிறேன் என்றார் என் வீட்டுக்காரர். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலையில் இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. இருப்பது ஒரே வண்டி. அது ஏற்றத்தில் இழுக்காமல் நீலப் புகையாகக் கக்க ஆரம்பித்திருந்தது. பட்டறையில் விட்டால் எப்போது கைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிழங்கு பிடுங்கும் காலம் வேறு நெருங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் வண்டி நின்றால் மலைக்காரர்கள் வேறு லாரியைப் பிடித்துக்கொள்வார்கள், அப்புறம் அந்த லாரிதான் அவர்களுக்கு வாடிக்கை.

என் தம்பி கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறான். அவன் லீவு போட்டுவிட்டு வந்தான். வேப்பமரத்துக் கிளையில், பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி இன்ஜினைத் தூக்கினார்கள். கிளை முனகியது. இவரோ அதன் அடியில் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்.

"கொஞ்சம் தள்ளித்தான் நில்லுங்களேன்."

"நீ உள்ள போ. நீ பாத்துக்கினு நின்னா எனக்கு வேல ஓடாது."

உள்ளே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தார்கள். டீசலில் கழுவி, இது இதற்கு, அது அதற்கு என்று வாசலில் கோணிமேல் வரிசையாகக் காயவைத்தார்கள். பக்கத்திலேயே எதிர்வீட்டு அக்கா தார்ப்பாயில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தது. பிஸ்டனுக்குப் புது ரிங் வாங்க இவரும் தம்பியும் டவுனுக்குக் கிளம்பிப் போன பிறகு, வானம் திடீரென்று கறுத்துக்கொண்டு வந்தது.

எங்கள் தெருவில் மழை வந்தால் யாருடைய சோளம், யாருடைய மல்லாட்டைக் கடலை என்று கேட்கிற வழக்கம் கிடையாது. காய்கிற எதுவானாலும் எல்லாரும் ஓடிவந்து அள்ளுவோம். அன்றைக்கும் அள்ளினோம். சோளத்தோடு இன்ஜினையும் அள்ளினோம். ஒருத்தி பிஸ்டனைப் பச்சைக்குழந்தை மாதிரி முந்தானையில் மூடிக்கொண்டு ஓடினாள். பெரியதெல்லாம் அன்னக்கூடைக்குள் போனது. சில்லறைச் சாமானெல்லாம் முறத்தில் போனது.

டவுனிலிருந்து நனைந்துகொண்டு திரும்பிய இவர் நடையில் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னாடி இது? மல்லாட்ட மாதிரி அள்ளி வெச்சிகீறீங்க."

"பின்ன, துருப் புடிக்கட்டும்னு பாத்துக்கினு நிக்கச் சொல்றீங்களா?"

தம்பி பொறுமையாக ஒவ்வொன்றிலும் இருந்த அடையாளக் குறியைப் பார்த்துப் பிரித்து அடுக்கினான். பிஸ்டன்களை உள்ளே இறக்கி, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியையும் மூடியாகிவிட்டது. வால்வு மாட்டும்போதுதான் ஒரு லாக் குறைந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு. வால்வைப் பிடித்து நிறுத்துவது அதுதான்.

வாசலைக் கூட்டினேன், சலித்தேன், முறத்தை உதறினேன். இல்லை.

"போனா போவுது மாமா. கடையில புதுசு வாங்கிக்கலாம்" என்றான் தம்பி.

"புதுசு வாங்கிக்கலாம்டா. பழசு எங்க கீது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது எங்காவது ஓட்டை வழியாக இன்ஜினுக்குள் விழுந்திருந்தால், ஸ்டார்ட் செய்த மறுகணமே எல்லாம் நொறுங்கிவிடும். அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து போன். எப்போதும் எங்கள் வண்டியில் ஏற்றுகிறவர்தான்.

"அண்ணே, நாளைக்குக் கெழங்கு புடுங்கட்டுமா?"

இவர் என்னைப் பார்த்தார். சாயங்காலம் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். பிடுங்கிப் போட்ட கிழங்கு ரெண்டு நாளில் கெட்டுப்போகும். அந்த ஆளை நம்பவைத்துக் கழுத்தறுக்க முடியாது. எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சோளத்தோடு போயிருக்குமோ என்று எதிர்வீட்டுக்கு ஓடினேன். அக்கா மூட்டை கட்டித் தைத்தே வைத்திருந்தது.

"என் சோளத்துல ஒன் வண்டியா?" என்று முகத்தைச் சுளித்தது. பிறகு தானே அரிவாளை எடுத்துத் தையலை அறுத்தது. "அள்ளுனது நானுந்தான. கொட்டு."

கூடம் முழுக்கச் சோளத்தைக் கொட்டிப் பரப்பினோம். தம்பி பழைய ஸ்பீக்கரை உடைத்து அதன் காந்தத்தை எடுத்துவந்து சோளத்துக்குள் விட்டுத் துழாவினான். ஒரு கோணி ஊசி வந்தது. ஆணி ஒன்று வந்தது. அப்புறம் கம்பியில் வளைத்த சின்ன வளையம் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. லாக் வரவில்லை.

தம்பி வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இது பிஸ்டன்ல கோத்திருக்கிற பின்னு வெளிய வராம நிறுத்துற கிளிப்பு மாமா."

"அதெல்லாம் மாட்டியாச்சு இல்ல?"

"மாட்டியாச்சுன்னுதான் நெனச்சேன்."

இது இல்லாமல் ஓட்டினால் பின் மெல்ல நகர்ந்து வெளியே வந்து சிலிண்டரின் சுவரைக் கிழிக்கும் என்றான். "லோடோட எறங்கும்போது இன்ஜின் இறுகிப் புடிச்சிக்கினா..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். கல்வராயனில் வெள்ளிமலைக்கு ஏறும் பாதையின் வளைவுகளில் நானும் அந்த வண்டியில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அவன் மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோளத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவர் யாரையும் திட்டவில்லை. போனை எடுத்தார். "நாளைக்கு வரமுடியாதுப்பா. வேணும்னா வேற வண்டி பாத்துக்க."

"வண்டி ரெடியானதும் சொல்லுண்ணே. மண்ணுக்குள்ள கீற கெழங்கு எங்க ஓடிடப் போவுது" என்றார் மலைக்காரர்.

மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தார்கள். ஒரு பிஸ்டனில், ஒரு பக்கம், கிளிப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த லாக் மட்டும் உள்ளே எங்கேயும் இல்லை. காந்தத்தை விட்டு மூலைமுடுக்கெல்லாம் துழாவியும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும், இன்ஜினுக்குள் இல்லை, அது போதும் என்றார் இவர். கடையில் புது லாக் வாங்கிவந்து, இந்தத் தடவை ஒவ்வொன்றையும் மாட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எனக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் தொட்டுப் பார்த்தேன்.

வண்டி மலைக்குக் கிளம்பிய அன்று எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. கச்சிராயபாளையம் தாண்டியிருப்பாரா, ஏற்றம் ஆரம்பித்திருக்குமா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்ததும் பாய்ந்து எடுத்தேன்.

"மேல வந்துட்டன். நீயே கேளு" என்று போனை இன்ஜின் பக்கம் நீட்டினார்.

தடதடவென்று சீராக ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயும் தட்டல் இல்லை, இடறல் இல்லை. எதிர்வீட்டு அக்கா எப்போது வந்து பக்கத்தில் நின்றது என்று தெரியவில்லை.

"இங்க குடு, நானும் கேக்கறேன்" என்றது. "அள்ளுனது நானுந்தான."

போனை அதன் காதில் வைத்தேன்.