கழுத்துக்குள் ஒரு குருத்தோலை

ரத்னா ஒரு கிடாரை நல்லது என்று சொல்லிவிட்டால், அதில் குறை கண்டுபிடிக்க ஆண்டவரே இறங்கி வரவேண்டும் என்று பிள்ளைப்பாக்கத்துக் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி பாராட்டு, மீதி வயிற்றெரிச்சல்.

ஏற்றுமதிக்காக எலெக்ட்ரிக் பேஸ் கிடார் செய்கிற சின்னக் கம்பெனி அது. மரம் அறுப்பது, பெயின்ட் அடிப்பது எல்லாம் முடிந்து, கடைசியில் ஒவ்வொன்றும் ரத்னாவின் மேசைக்குத்தான் வந்து படுக்கும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்தைப் பார்ப்பாள். தடித்த கம்பிகள் நான்கும் இழுக்கிற இழுப்புக்கு அந்த மரக்கழுத்து லேசாக வளைந்து கொடுக்க வேண்டும். விறைத்து நின்றாலும் தப்பு, வில்லாக வளைந்தாலும் தப்பு. அடுத்தது கம்பியின் உயரம். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃப்ரெட் என்கிற உலோகக் கீற்றுகளுக்கு மேலே கம்பி எவ்வளவு தூக்கலாக நிற்க வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அந்த அளவைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ரத்னா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்தி மீட்டிப் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் இரைச்சலில் காதை நம்ப முடியாது. அதனால் கிடார் உடம்பில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற முனையில் தாடையை அழுத்தி வைத்துக்கொள்வாள். ஏதாவது ஒரு ஸ்வரம் சட்டென்று அணைந்துபோனாலும், கம்பி ஃப்ரெட்டில் உரசிக் கறகறத்தாலும் எலும்புக்குத் தெரிந்துவிடும். உடனே சிவப்பு ஸ்டிக்கர்தான்.

"யக்கா, இதையும் தள்ளுதியளா? கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்" என்று பக்கத்து மேசை நம்பிராஜன் கெஞ்சுவான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், வடக்குப்பட்டில் நான்கு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறான்.

"நீ வாங்கினு போயி வாசிப்பியாடா இத்த?" என்பாள் ரத்னா. அதோடு பேச்சு முடிந்தது.

வீட்டில் அவளுக்கு ஒரு பேஸ் கிடார்க்காரர் இருந்தார். சவரிநாதன், அவள் கணவர். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் பிரஸ் ஷாப் வேலை. தகடு தூக்கித் தூக்கி விரலெல்லாம் காய்த்துப்போன மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சேரப்பணஞ்சேரி மாதா கோயில் பாடகர் குழுவில் அந்த விரல்களாலேயே பேஸ் வாசிப்பார். மீட்டுவார் என்று சொல்வதைவிட அறைவார் என்று சொல்லலாம். கோயில் தரை வழியாக அந்தச் சத்தம் பெண்கள் உட்கார்ந்திருக்கிற பாய் வரைக்கும் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டர் பாஸ்காவுக்கு முந்தின வாரம், அவர் ஷிப்ட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து ரத்னா அவருடைய கிடாரைக் கையில் எடுத்தாள். கம்பியெல்லாம் மொட்டை மாடி உயரத்தில் இருந்தது. அவளால் சும்மா இருக்க முடியுமா? ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, வெளிநாட்டுக்குப் போகிற கிடாரின் அளவுக்கு இறக்கி வைத்தாள். கம்பியைத் தாங்குகிற பிரிட்ஜின் திருகாணிகள் தானாகச் சுழன்றுவிடாமல் இருக்க, கம்பெனி வழக்கப்படி ஒவ்வொன்றின் மேலும் ஒரு பொட்டு நகப்பூச்சு வைத்தாள்.

சவரி வந்து மெதுவாக மீட்டிப் பார்த்தார். கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்தினார். பிறகு, "வெண்ண மாதிரி கீது ரத்னா" என்றார்.

இந்த ஒரு வார்த்தையை அவள் யாரிடமெல்லாம் சொன்னாள் என்பதற்குக் கணக்கில்லை. கம்பெனியில் சொன்னாள், தண்ணீர்க் குழாயில் சொன்னாள், கோயில் வாசலில் சொன்னாள். அந்த வருஷம் குருத்தோலை ஞாயிறன்று சவரி முடைந்து சுவாமிப் படத்துக்குப் பின்னால் சொருகிய ஓலைச் சிலுவையில் ஒரு கை குட்டையாக இருந்ததைக்கூட, அந்தச் சந்தோஷத்தில் அவள் பெரிதுபடுத்தவில்லை. "எலி கடிச்சிருக்கும்" என்றார் அவர். இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

போன ஆடியில், கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே சவரி போய்விட்டார். இறங்குகிற இடம் வந்ததும் எழுப்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ரத்னாவுக்கு அந்த வீட்டில் பிடித்துக்கொண்டு நிற்க அதிகமாக ஒன்றும் இல்லை. பிள்ளைகள் இல்லை. போட்டோவில் இருக்கிற சிரிப்பு அவருடைய சிரிப்பே இல்லை. வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்ன அந்த வார்த்தை மட்டும் இருந்தது. வாழ்ந்த காலத்தில் அந்த மனுஷனுக்கு ஒரு நல்ல காரியம் தன் கையால் செய்திருக்கிறோம் என்பதுதான் அவளைத் தூங்க வைத்தது.

கோயிலிலேயே கிடந்த கிடாரை மாசி பிறக்கும்போது பிரவீனா, ரத்னாவின் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிற, பாடகர் குழுப் பெண். பாஸ்காவுக்கு இனி அவள்தான் வாசிக்க வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருந்தார்.

"கோச்சுக்காதீங்கக்கா. கம்பி ரொம்ப மேல கீது. அமுக்கவே முடில."

ரத்னாவுக்குச் சுருக்கென்றது. "நான் செட் பண்ணது அது. எங்க வூட்டுக்காரரு வெண்ண மாதிரி கீதுன்னாரு. உன் கையில பெலம் இல்லன்னு சொல்லு."

பிரவீனா கிடாரை வைத்துவிட்டு ஷிப்ட்டுக்குப் போனாள். ரத்னா வீம்புக்காக அளந்து பார்த்தாள். அவள் வைத்த உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தது. கழுத்தின் வளைவு சரியாக இருந்தது. பிரிட்ஜைப் பார்த்தாள். நகப்பூச்சுப் பொட்டுகள் ஒரு விரிசல்கூட இல்லாமல் அப்படியே இருந்தன. திருகாணியை யாரும் தொடவில்லை. அப்படியானால் கழுத்தும் உடம்பும் சேருகிற இடம்தான் பாக்கி.

கம்பிகளைத் தளர்த்தி, பின்னால் இருக்கிற நான்கு ஸ்குரூவைக் கழற்றிக் கழுத்தைத் தூக்கினாள். கழுத்து உட்காருகிற பள்ளத்தின் முன் விளிம்பில், நான்காக மடித்த ஒரு துண்டுக் காய்ந்த குருத்தோலை இருந்தது.

அது எந்தச் சிலுவையிலிருந்து வந்தது என்று அவள் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவள் இறக்கி வைத்த கம்பியை அவர் அறைந்து வாசித்திருந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் கறகறத்திருக்கும். முதல் நாளே அவருக்கு அது தெரிந்திருக்கிறது. சொல்ல மனம் வரவில்லை. அவள் வைத்த பொட்டைக் கலைக்கவும் மனம் வரவில்லை. அவள் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, கழுத்துக்கு அடியில் ஓலையைக் கொடுத்துக் கம்பியைத் தூக்கிக்கொண்டார்.

"வாயத் தொறந்து சொன்னா இன்னாய்யா? நான் இன்னா கடிச்சா தின்னுடுவேன்?"

கேட்டுவிட்டு அழுதாள். கடித்துத்தான் தின்றிருப்போமோ என்ற சந்தேகம் வந்தபோது இன்னும் அழுதாள். அவர் கை எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். ஒரு தடவை அவர் வழக்கப்படி அறைந்து வாசித்துக் காட்டச் சொல்லாமல், சுவரில் ஒட்டியிருக்கிற அளவை அவர் மேல் வைத்து அழுத்தியிருக்கிறாள். ஆனாலும் ஓலையை எடுத்துப் போட அவளால் முடியவில்லை. மடிப்புக் கலையாமல் இருந்த இடத்திலேயே வைத்து ஸ்குரூவை முடுக்கினாள். சவரியின் கை கடைசியாகச் செய்த அளவு அது. அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் பிரவீனா வந்தாள்.

"அவரு வச்ச ஒசரம் இது. இப்டியே வாசி" என்றாள் ரத்னா.

பிரவீனா வாசித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க வாசித்து முடித்து, இடது கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். கம்பிகளை மற்ற உள்ளங்கையால் அமர்த்தினாள். பிறகு, "நல்லா கீதுக்கா. பழகிடும்" என்றாள்.

அந்தக் குரலை ரத்னா ஏற்கனவே கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அது அவளுக்குப் புரியவில்லை.

"கைய காட்டு."

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டுடி."

விரல் நுனிகள் கன்றிச் சிவந்திருந்தன. ரத்னா அந்தக் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கிடாரை வாங்கி மடியில் போட்டு, கம்பியைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றி, ஓலையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். திரும்பப் பூட்டிக் கொடுத்தாள். அளவுகோல் பைக்குள்ளேயே இருந்தது.

"இப்போ வாசி. எங்க வலிக்குதுன்னு சொல்லு. என் மூஞ்சியப் பாத்து பொய் சொன்னா அறைஞ்சிடுவேன்."

பிரவீனா பயந்துகொண்டே வாசித்தாள். ரத்னா கிடாரைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"இப்போ ரொம்ப கீழ போயிடுச்சிக்கா. தடிக் கம்பி மட்டும் கறகறங்குது" என்றாள் பிரவீனா தயங்கித் தயங்கி.

"அப்டி சொல்லு" என்றாள் ரத்னா. தான் வைத்த நகப்பூச்சைத் தானே சுரண்டிவிட்டுத் திருகாணியைத் தூக்கினாள். இன்னொரு தடவை கேட்டாள், இன்னொரு தடவை திருகினாள். பிரவீனாவின் தோள் இறங்கி, முகம் தெளிகிறவரை விடவில்லை. முடிந்த பிறகு அளந்து பார்க்கவும் இல்லை.

அந்த ஞாயிறு கோயில் வாசலில் கூடை வைத்திருந்தார்கள். பழைய குருத்தோலைகளைச் சேர்த்து எரித்துத்தான் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுப்பது. ரத்னா ஒரு கை குட்டையான சிலுவையையும் முந்தானையில் முடிந்திருந்த துண்டையும் சேர்த்துக் கூடையில் போட்டாள். உள்ளே பிரவீனா வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். தரை வழியாக வந்தது வேறு சத்தம். சவரியின் சத்தம் இனி வராது என்று அவளுக்கு அங்கே நிற்கும்போதுதான் முழுதாக உறைத்தது.

புதன்கிழமை காலைப் பூசையில் ஃபாதர் அவள் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். முகம் கழுவாமல் அப்படியே செகண்ட் ஷிப்ட்டுக்குப் போனாள். தாடையைக் கொம்பில் வைக்கக் குனிந்தவளை நம்பிராஜன் உற்றுப் பார்த்தான்.

"யக்கா, நெத்தியில என்ன, கரி அப்பியிருக்கு?" துடைத்துவிட வேஸ்ட் துணியை எடுத்து நீட்டினான்.

ரத்னா அவன் கையை விலக்கினாள்.

"கரி இல்லப்பா. எங்க வூட்டுக்காரரு."